கோர்லே வீட்டுக் கல்யாணக் கல்

இல்லவே இல்லை. கிரிஸெல் கோர்லே அந்த எடின்பரோக்காரரோடு ஓடிப் போனாள் என்று ரொட்டிக் கடை வரிசையில் நின்று பேசுகிறவர்கள், அன்றைக்கு பஸ் ஓட்டிய ஆளைப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். லாக்கார்ட் ஐயா தனியாகத்தான் ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, படிக்கொரு தரம் நின்று ஏறினார். பக்கத்து இருக்கையில் அவருடைய பெட்டிதான் உட்கார்ந்து போயிற்று. அறுபதைத் தாண்டிய மனிதர். அவரோடு ஓடுவதென்றால் அவரை முதுகில் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்க வேண்டும்.

அது செல்லாது என்றதும் அடுத்ததை எடுக்கிறார்கள். நன்றி கெட்டவளாம். மீன் குடல் எடுக்கிறவளின் மகளைக் கூட்டிவந்து, ஊரிலேயே பெரிய வீட்டில் வைத்து, முப்பது வருஷம் சோறு போட்டார்களாம். யார் யாருக்குப் போட்டது? அந்த முப்பது வருஷமும் காலையில் அடுப்பு மூட்டியவள் யார்? மாமியார்க் கிழவியின் கால் வீக்கத்துக்கு வெந்நீர் சுமந்தவள் யார்? அதையும் அந்த வரிசையிலேயே நின்று சொல்லட்டும்.

கால் தரிக்காதவள் என்கிறார்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அது உண்மை. கிரிஸெலின் அம்மா ஹெர்ரிங் மீன் எந்தக் கரைக்கு வருகிறதோ அந்தக் கரைக்குப் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, குடல் எடுத்து உப்புப் போட்டு பீப்பாயில் அடுக்குகிற கூட்டத்தில் இருந்தவள். வடக்கே தீவுகளில் தொடங்கினால் தெற்கே இங்கிலாந்துக் கரை வரைக்கும். கிரிஸெல் தவழ்ந்ததும் நடந்ததும் அந்த மரக் கொட்டகைகளில்தான். துணிப்பெட்டிதான் தொட்டில். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒரே ஜன்னல் வழியாக ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. பாத்திரம் கழுவும்போதும் ஒரு குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். கடல்மூட்டம் இறங்கி ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற நாட்களில் அவள் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு துறைமுகச் சுவர் வரை போய்த் திரும்புவாள். எதற்கு என்று கேட்டால், "சும்மா, இருக்கான்னு பாத்துட்டு வந்தேன்" என்பாள்.

ஆனாலும் போகவில்லை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அரிக்கிற காலை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தாள்.

அந்த வீட்டைத் தெரியாதவர்கள் கில்பிராத் ஊரில் கிடையாது. துறைமுகத்தைப் பார்த்து நிற்கிற மூன்று மாடி. வாசலுக்கு மேலே குறுக்காகக் கல்யாணக் கல். அந்தக் காலத்தில் கல்யாணம் முடித்து வீடு கட்டுகிறவர்கள், புருஷன் பெயருக்கு இரண்டு எழுத்து, பெண்டாட்டி பெயருக்கு இரண்டு எழுத்து, நடுவில் ஒரு இதயம், கடைசியில் வருஷம் என்று செதுக்கி வாசலில் ஏற்றுவார்கள். ஊரில் அப்படிப்பட்ட கற்கள் ஒன்பதோ பத்தோ உண்டு. கோர்லே வீட்டுக் கல்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது என்று பேச்சு. அதில் ஒரு வேடிக்கை. வருஷத்தில் ஒன்று, ஆறு, ஆறு என்று மூன்று எண்தான் இருக்கும். நாலாவது எண் இல்லை. கல்யாண விருந்தில் கொத்தன் மூக்கு முட்டக் குடித்துவிட்டு உளியைக் கடலில் எறிந்துவிட்டான் என்று கோர்லே வீட்டார் சொல்லுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பெரிய வீட்டுக் கதைக்குச் சிரிக்காமல் எப்படி?

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம். புதுப் பெண் வந்ததும் வருகிற முதல் புத்தாண்டுக் காலையில், மாமியார் அவளை வாசலுக்கு அழைத்துப் போய், முக்காலியில் ஏற்றி, அந்தக் கல்லைக் கையால் தொடச் சொல்லுவாள். மூத்த மகன் வாட்டியைக் கட்டிக்கொண்டு வந்த கிரிஸெலும் தொட்டாள். மாமியார் பெத்தியா, "சரி, குளுருது, உள்ள வா" என்றாள். அவ்வளவுதான். இளைய மகன் பிந்திக் கல்யாணம் செய்துகொண்டு வங்கிக்காரர் மகள் நெட்டியைக் கூட்டிவந்தபோது, அந்த வருஷம் மாமியாரும் மருமகளும் வாசலில் வெகுநேரம் நின்றார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்புக் கேக்கை நறுக்கிக்கொண்டிருந்த கிரிஸெல், கிழவி வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தாள். இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நெட்டி படித்த பெண், நிறையக் கேள்வி கேட்பாள் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

ஹெர்ரிங் வரத்து நின்று, கோடையில் கார்களில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். கார் நிறுத்த இடம் வேண்டும், பழசையெல்லாம் இடிக்கலாம் என்று நகரசபையில் பேச்சு. எடின்பரோவில் ஏதோ சங்கம் விழித்துக்கொண்டு, எந்த வீடு இருக்க வேண்டும், எது போகலாம் என்று பார்த்து எழுத லாக்கார்ட் ஐயாவை அனுப்பியது. அவர் முதல் நாளே ரொட்டிக் கடைக்கு வந்து நின்றார்.

"அளவு டேப்போட ஒரு முனையப் புடிச்சுக்க ஆள் வேணும்மா. நிதானமா நிக்கணும், அவ்வளவுதான்."

"நிதானமாவா? அப்ப இவங்கள மட்டும் கூப்பிடாதீங்க" என்று கடைக்காரி கிரிஸெலைக் காட்டிச் சிரித்தாள்.

கிரிஸெல் வாங்கிய ரொட்டியைக் கடைக்காரியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இத வீட்டுக்கு அனுப்பிடு. சார், எந்தத் தெருவுல ஆரம்பிக்கிறோம்?"

அன்றிலிருந்து அவள் காலுக்கு வேலை கிடைத்தது. தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கிற துணி டேப், சின்னக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே போகும். அதைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாகப் போனாள். ஐயாவுக்கு ஏணி ஆகாது. ஆகவே கல்லெழுத்தைத் தாளில் படி எடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. செதுக்கின கல்லின் மேல் தாளை ஒட்டி, செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கும் கறுப்பு மெழுகால் தேய்த்தால், எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். முதல் தரம் அது எழுந்து வந்தபோது ஏணியிலேயே கத்திவிட்டாள். ஐயா கீழே பயந்து ஏணியைக் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சியைத்தான் மீன்கடை வாசலில் இருந்தவர்கள் பார்த்து, பிறகு வேறுவிதமாக வளர்த்துவிட்டார்கள்.

எல்லோரும் நல்ல முகம் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டு போய்விட்டால் ஜன்னலுக்குக்கூடப் பெயின்ட் அடிக்க விடமாட்டார்கள் என்று பயம். சிலர் கதவைத் திறக்காமலே பேசினார்கள். கயிறு விற்கிற பீட்டர் மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன கிரிஸெல், என் வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"தைக்கலாம் பீட்டர். ஆனா உன்ன மாதிரியே உன் வீட்டுக்கும் இடுப்புதான் பெருத்துப் போச்சு. செவுத்தப் பாரு, எப்படிப் பிதுங்குது."

சொந்த வீட்டை மட்டும் அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். பெத்தியா தினமும் கேட்டாள். "ஊரெல்லாம் சுத்துற. நம்ம வாசலுக்கு எப்ப வருவ? அதுதானே மொதல்ல?" "கடைசியில" என்றாள் கிரிஸெல். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மற்ற கற்களைப் படி எடுக்க எடுக்க, ஒன்று உறுத்தியது. எல்லா வாசலிலும் இதயம் சரியாக நடுவில் இருந்தது. அவள் வீட்டு வாசலில் மட்டும் அப்படி இல்லை. ஒரு சாண் தள்ளி, யாரோ அவசரமாகத் தொப்பி வைத்த மாதிரி இருந்தது. முப்பது வருஷம் அதன் கீழே போய் வந்தவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

பீப்பாய்ச் சந்தில் டீனா டோவின் வீடு. வலை பின்னுகிற கிழவி. தாழ்ந்த ஓட்டு வீடு, பின்னால் சுவரோடு ஒட்டிய கோழிக் கொட்டகை. கார் நிறுத்துமிடத்துக்கு முதலில் போக வேண்டிய வீடு அது. லாக்கார்ட் ஐயா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப மாத்திட்டாங்கம்மா. பழசுதான், வாசம் அடிக்குது. ஆனா காட்ட ஒண்ணுமில்ல. வருஷம் போட்ட ஒரே ஒரு கல்லு இருந்தாப் போதும், நகரசபையோட நான் மல்லுக்கு நிப்பேன்."

"வருஷம்தானே ஐயா வேணும்? எம்மேலயே செதுக்கிக்குங்க. நானும் பழசுதான்" என்றாள் டீனா. பிறகு கிரிஸெலின் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே பெண்களைச் செல்லமாகக் கோழி என்றுதான் கூப்பிடுவார்கள். "அடி என் கோழியே, மாடி மாடியா கட்டியிருக்காங்களே, அங்க வீடு தராங்களாம். என் கோழிங்கள எந்த மாடியில கொண்டு போய் விடுறது? நான் செத்தப்புறம் இடிக்கக் கூடாதா? ரொம்ப நாள் காக்க வெக்க மாட்டேன்."

ஐயா தம் அட்டையில் 'போகலாம்' என்று எழுதினார். எழுதும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிரிஸெலுக்கு அன்றைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டீனா வீட்டுக்கு எடுத்த அளவுகளைக் கூட்டிப் பார்த்தாள். வெளி நீளமும் உள் நீளமும் ஒத்துப் போகவில்லை. பின்சுவரில் எங்கோ கணக்கு உதைத்தது. மறுநாள் ஐயாவிடம் சொல்லாமல் திரும்பிப் போனாள். கோழிக் கொட்டகைக்குள் குனிந்து போய், பரணில் இருந்த சேவலை ஒதுக்கிவிட்டு, டார்ச் அடித்தாள். சுண்ணாம்பு பட்டை பட்டையாக ஏறிய சுவர். அதற்குள் ஒரு வாசல் அடைத்துக் கிடந்தது. ஒரு பக்க நிலைக்கல் அப்படியே நிற்கிறது. அதற்கு மேலே, சுவருக்குள் செருகினபடி, ஒரு கல்லின் நுனி. கத்தியால் சுரண்டினாள். ஒரு முட்செடிப் பூ வந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஓர் எட்டு. எட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ரம்பம் போட்டு அறுத்த மாதிரி நேராக முடிந்திருந்தது.

"யாருடி அது, முட்டை எடுக்கிறது?" வெளியே டீனா.

"நான்தான். டீனா, இந்த வாசல எப்ப அடைச்சாங்க?"

"வாசலா? அங்க ஏது வாசல்? எங்கம்மா காலத்துலயே செவுருதான்."

"இந்த வீடு முன்னாடி யாரோடது?"

"உங்களோடதுதானே. கோர்லே ஆளுங்கதான் வெச்சிருந்தாங்களாம். அந்தப் பெரிய வீட்டக் கட்டினப்புறம் இத வித்துட்டாங்க. ஏன்டி, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு? கோழி கொத்திடுச்சா?"

கிரிஸெல் மெழுகை எடுத்தாள். தாளை ஒட்டிப் படி எடுத்தாள். சுண்ணாம்பு உதிர்ந்து இரண்டு தாள் வீணாயிற்று.

அதற்கு அடுத்த நாள் துணி துவைக்கும் நாள். லாக்கார்ட் ஐயா மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தார். கிரிஸெல் சமையலறை நாற்காலியை வாசலுக்குத் தூக்கிப் போய், ஏறி நின்று, தங்கள் கல்லைப் படி எடுத்தாள். பெத்தியா உள்ளேயிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "அப்பாடா, ஒருவழியா நம்ம வீட்டு ஞாபகம் வந்துச்சா மகாராணிக்கு."

உள்ளே வந்து சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஓரத்தில் ஓடுகிற கோடு இந்தத் தாளிலிருந்து அந்தத் தாளுக்கு ஒரு இழை பிசகாமல் ஓடியது. ஒன்று, ஆறு, ஆறு, எட்டு. இதயம் நடுவுக்கு வந்துவிட்டது.

பெத்தியா சூப் கரண்டியோடு வந்து நின்றாள். நெட்டி மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது நம்ம கல்லு. இது டீனா வீட்டுக் கோழிக் கொட்டாயில இருக்கிறது. பாருங்களேன்."

பெத்தியா தாளைப் பார்க்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"ஆமா."

"என்ன ஆமா?"

"வாட்டியோட கொள்ளுத் தாத்தா இந்த வீட்டக் கட்டும்போது, பழைய வீடுன்னு காட்டிக்க அங்கேருந்து எடுத்தது. முழுசா உருவினா செவரு தலையில விழும்னு அறுத்துட்டாரு. இதக் கண்டுபிடிக்கவா எடின்பரோவுலேருந்து ஆளு வந்தான்?"

துவைக்கிற நாளில் கிரிஸெல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"இந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

சொன்ன பிறகுதான் கிழவிக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று, துணி கருகும் வாசம் கிளம்பியது.

"நெட்டி" என்றாள் கிரிஸெல். "உனக்குமா?"

நெட்டி பெட்டியைத் தூக்கினாள். "புது வருஷத்தன்னிக்குச் சொன்னாங்கக்கா. கல்லத் தொட வெக்கிறதே அதுக்குத்தானாமே. உங்களுக்கும்… உங்களுக்கும் சொல்லியிருப்பாங்கன்னுதான் நான்…"

பெத்தியா கெட்டவள் இல்லை. வாய்தான் மழுங்காதது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது கிரிஸெல். நீ போற வழியில பொறந்த பொண்ணு. காலு ஒரு நிமிஷம் நிக்காது. இன்னிக்கு இருப்ப, நாளைக்கு எந்தப் படகு பின்னாடி போவியோன்னு நெனச்சேன். போற ஆளு கையில வீட்டு மானத்தக் குடுத்து அனுப்ப முடியுமா?"

"நான் போகலியே அத்தை."

"போகல. தப்பா நெனச்சுட்டேன். இப்பச் சொல்றேன்ல?" இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். அலமாரிச் சாவி, நிலவறைச் சாவி, வாசல் சாவி எல்லாம் சேர்ந்த வளையம். அதை மேஜையில் தள்ளினாள். "இந்தா. எனக்கப்புறம் நெட்டிக்குன்னு இருந்தேன். உனக்கே. நீதான் மூத்தவ. அந்தத் தாள அடுப்புல போடு. சூப்பு கொதிக்குது."

சாவி கனமாக இருந்தது. கிரிஸெல் அதை எடுத்தாள், வைக்கவில்லை. ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த வளையம் கிழவியின் இடுப்பில் கலகலப்பதைக் கேட்டுக்கொண்டே அவள் தலை நரைத்திருந்தது. அடுப்பு மூன்றடி தூரத்தில் இருந்தது. தாள் எரிந்தால் அவள் அந்த வீட்டுப் பெண். எரியாவிட்டால் டீனாவுக்கு வீடு இருக்கும், அவளுக்கு இருக்காது. மூடி தடதடக்க சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் வாட்டி படகிலிருந்து வந்தான். பூட்ஸோடு சமையலறை வாசலில் நின்று, மேஜையையும் மூன்று முகங்களையும் பார்த்தான்.

"நீங்களும் தெரிஞ்சுதான் இருந்தீங்களா?" என்றாள் கிரிஸெல்.

வாட்டி தொப்பியைக் கழற்றினான். "அம்மா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் ஸெல். அது பொம்பளைங்க விஷயம்."

"முப்பது வருஷமா நெனச்சிட்டே இருந்தீங்களா?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கிரிஸெல் சாவியை மேஜையில் வைத்தாள். இரண்டு தாளையும் சேர்த்துச் சுருட்டி நூல் கட்டினாள். கோட்டை எடுத்து மாட்டினாள். அந்தக் குதிகால், எப்போதும் தட்டிக்கொண்டே இருக்கிற குதிகால், அன்றைக்குத் தட்டவில்லை என்று நெட்டி பிற்பாடு அழுதுகொண்டே சொன்னாள்.

"அந்தத் தாளோட வாசலத் தாண்டினா, அப்புறம் இது உன் வாசல் இல்ல" என்றாள் பெத்தியா.

"இது நம்ம யாரு வாசலும் இல்லியே அத்தை."

துவைக்கிற நாளில் எல்லோரும் புழங்குவது பின்கதவு. கிரிஸெல் முன்பக்கம் நடந்தாள். வாட்டி பின்னாலேயே போனான், பூட்ஸ் தரையெல்லாம் ஈரம் பதித்தது. வெளியே கடல்மூட்டம் இறங்கி, துறைமுகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாசற்படியில் அவள் நின்றாள். மனசு மாறிவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். முகம் அப்படித்தான் மலர்ந்ததாம்.

அவள் கோட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"ஊர்ல எல்லா வாசலும் அளந்தாச்சு. இது ஒண்ணு பாக்கி. இந்த முனையப் புடிங்க."

வாட்டி பிடித்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நிலையின் ஒரு பக்கத்தில் அவன் கட்டைவிரல், மறுபக்கத்தில் அவள். அகலம் எடுத்தாள். பிறகு வாசலிலேயே விட்டிருந்த நாற்காலியில் ஏறி நின்று, இதயத்திலிருந்து இந்த ஓரம், இதயத்திலிருந்து அந்த ஓரம். ஒவ்வொன்றுக்கும் அவன் கை தூக்கி, அவள் சொன்ன இடத்தில் வைத்து, அசையாமல் பிடித்தான். நல்ல ஆள், லாக்கார்ட் ஐயாவைவிட நிதானமாக நின்றான். அவள் அளவுகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கல்லைத் தொடவில்லை.

"வீட்டுக்கு எப்ப வருவ ஸெல்?" என்றான்.

அவள் இறங்கி, தாள் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். டேப் அவிழ்ந்துகொண்டே போயிற்று. அவன் தன் முனையை விடவில்லை. மூட்டத்துக்குள் அவள் போன பிறகும் அந்தத் துணிப்பட்டை இருவருக்கும் நடுவில் நீண்டு கிடந்து, பிறகு விறைத்தது.

"விடுங்க வாட்டி" என்ற குரல் மட்டும் வந்தது.

விட்டான். எங்கோ கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. டேப்பின் முனை வாசற்படியில் இருந்து வழுக்கி, ஈரக் கற்களின் மேல் துள்ளித் துள்ளி, டீனாவின் பீப்பாய்ச் சந்துப் பக்கம் போயிற்று.